கனிஷ்காவுக்காக நான் சொன்ன பதில்

ஏம்மா, அந்தப் பைய மடியில வச்சுக்கோ. நடுவுல வச்சா நான் கால எங்க நீட்ட? ஆங், அப்டித்தான். எங்க எறங்கணும் நீ? தேவர்குளமா? இல்ல, மொகத்தப் பாத்தா சங்கரன்கோயில் மாதிரி இருக்கு. சங்கரன்கோயில்தான். அப்ப சரி, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. மானூர் தாண்டுத வரைக்கும் நான் வாயத் தொறக்கல பாத்துக்கோ, எனக்கு மூச்சே முட்டிட்டு. ஒனக்குக் கல்யாணம் ஆயிருக்கும். பிள்ள ஒண்ணு இருக்கும். சரி சரி, நீ சொல்லாட்டா என்ன, எனக்குத் தெரியாதா?

நான் சத்துணவு அமைப்பாளர். இருவத்திமூணு வருசம். நூத்தியிருவது பிள்ளைல எதுக்கு நெசமாவே வயித்துவலி, எது கணக்கு டீச்சருக்குப் பயந்து வயித்தப் பிடிக்கின்னு வாசல்ல வரும்போதே சொல்லிருவேன். ஒரு பிள்ளையும் என்ட்ட வாயத் தொறந்து முட்டை கேட்டது கெடையாது. கேக்குததுக்கு முன்னாடி தட்டுல விழுந்துரும். அப்பேர்ப்பட்டவளுக்குப் பிள்ளை பாக்கத் தெரியாதுன்னு சொல்லிட்டாவ. யாரு சொன்னா தெரியுமா? என் கூடப்பெறந்த தம்பி. நாயகம். கோமதிநாயகம். நான் இடுப்புல தூக்கிச் சுமந்த பய. இன்னைக்குக் காலைல புது பஸ்டாண்டுல கொண்டாந்து ஏத்திவிட்டுட்டுப் போயிட்டான். நாப்பத்திமூணு நாள் அவன் வீட்டுல மாடா ஒழைச்சதுக்கு மரியாதை.

அவன் மகளுக்காகத்தான் போனேன். கனிஷ்கா. பன்னெண்டு வயசு. பேரப் பாரு, கனிஷ்கா. எங்க அம்மை பேரு வைக்கச் சொன்னேன், அவன் பொண்டாட்டி கேக்கல. நான் கனின்னுதான் கூப்பிடுவேன். பொங்கல் கழிச்சு நாலாம் நாளு, நாயகம் பைக்குல பின்னாடி இருந்து போயிருக்கா. எங்க? அம்பாசமுத்திரத்துக்கு, அவ அம்மாவப் பெத்தவ வீட்டுக்கு. எங்க வீட்டுக்கு வந்திருந்தா இந்த ரோட்டுல ஒரு மேடு பள்ளம் உண்டா? பாரு, எப்டி வழுக்கிட்டுப் போவுது. அங்க ஒரு வேகத்தடை, வெள்ளைக்கோடு ஒண்ணும் கெடையாது. தூக்கி எறிஞ்சிட்டு பிள்ளைய. தலையில அடி. மூளை வீங்கிட்டுன்னு மண்டைய தொறந்து ஆபரேசன் பண்ணி, முப்பத்தியோரு நாள் ஆஸ்பத்திரி. பொழைச்சிட்டா. ஆனா வலது கையும் காலும் இழுத்துக்கிட்டு. பேச்சு போயிட்டு.

பேச்சு போயிட்டுன்னா, ஒனக்குப் புரியாது. நம்ம பேசுதது பூராம் அவளுக்கு வெளங்கும். கண்ணுல தெரியும். சொல்லத்தான் வராது. வாயத் தொறப்பா, நிக்கும். தொறந்தபடிக்கே நிக்கும். எங்க வம்சத்துக்கே வாய்தான் சொத்து, கேட்டியா? அந்தப் பிள்ளை தெனமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு போன் போடும். "அத்தை, இன்னைக்கு என்ன நடந்துச்சு தெரியுமா?"ன்னு ஆரம்பிச்சா ஒரு மணி நேரம். நான் அரிசி பொடைச்சு முடிச்சிருவேன், அவ முடிக்க மாட்டா. அவிய, எங்க வீட்டுக்காரரு, பக்கத்துல இருந்து கேட்டுக்கிட்டே இருப்பாவ. அவிய பேச மாட்டாவ. கல்யாணமாயி முப்பது வருசத்துல எங்களுக்குள்ள ஒரு சண்டை கெடையாது. நான் பேசுவேன், அவிய கேப்பாவ. அது குடும்பம்.

சரி, லீவு விட்டதும் பொட்டியத் தூக்கிட்டு தம்பி வீட்டுக்குப் போயிட்டேன். ஒத்தாசைக்கு. யாரும் கூப்பிடல, கூப்பிட்டா போவணும்? மொத நாள் காலைல பாக்கேன், அடுப்படியில ஒரு கூத்து. சுகந்தி, அதான் தம்பி பொண்டாட்டி, ஒரு கையில தண்ணி டம்ளரு, ஒரு கையில பால் டம்ளரு, சிலை மாதிரி நிக்கா. பிள்ளை நாற்காலியில இருக்கு. "என்ன வேணும் கனிஷ்கா?"ங்கா. பிள்ளை வாயத் தொறக்கா. ஒண்ணும் வரல. இவ நிக்கா. பிள்ளை ஒதடு கோணுது, கழுத்து நரம்பு பொடைக்குது. இவ நிக்கா! பெத்தவளா அவ? போய் தண்ணி டம்ளரப் பிடுங்கி பிள்ளை வாயில வச்சேன். குடிச்சா. கடகடன்னு குடிச்சா.

அதுக்கு அவ சொல்லுதா, "மைனி, அவ பாலு கேக்க வந்தா"ன்னு.

கேக்க வந்தாளாம். கேட்டாளா? கேக்கவா செஞ்சா? தண்ணியக் குடிச்சாளா இல்லியா, அதச் சொல்லு நீ.

அப்புறந்தான் தெரியுது, இதுக்கு ஒருத்தி பாடம் எடுத்திருக்கா. ரோஸ்லின்னு ஒரு பிள்ளை. பாளையங்கோட்டைக்காரி. பேச்சுப் பயிற்சி குடுக்காளாம். இருவத்தஞ்சு வயசு இருக்காது, கழுத்துல ஒரு அட்டை, கால்ல ஓட்டப்பந்தயத்துக்குப் போட்ட மாதிரி ஷூ. அவ ஒரு விதி வச்சிருக்கா. கேள்வி கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து எண்ணணும். எண்ணி முடிக்க முன்னாடி வீட்டுல ஒருத்தரும் வாயத் தொறக்கப்படாது. தலையில அடிபட்ட பிள்ளைக்கு வார்த்தை உள்ளதான் இருக்காம், வெளிய வார வழியத் தேடிக்கிட்டு இருக்காம், நம்ம குறுக்க பூந்து சொல்லிட்டா அது திரும்பி உள்ள போயிருமாம். வார்த்தை என்ன பொந்துக்குள்ள இருக்குத எலியா? கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்கவளுக்குப் புத்தி எங்க போச்சு? இந்தச் சுகந்தி பி.எட். வேற படிச்சிருக்கா. படிச்சு என்ன, ஒரு சின்னப்பிள்ளை சொல்லுததக் கேட்டு சுவத்துல பேப்பர் ஒட்டி வச்சிருக்கா. "காத்திருங்கள்"ன்னு. ரேசன் கடைல கூட அப்டி எழுத மாட்டான்.

நான் காத்திருக்கலன்னு வச்சுக்கோ. சுகந்தி காலைல டியூசன் சென்டருக்குப் போனா மதியம் ரெண்டு மணிக்குத்தான் வருவா. நாயகம் கடைக்குப் போயிருவான். அந்த நேரம் பூராம் வீடு என் கையில. பிள்ளைக்கு என்ன வேணும்னு கண்ணு அசையும்போதே எடுத்துக் குடுத்துருவேன். சட்டை மாட்டிவிடுவேன், சோறு ஊட்டுவேன், டிவி மாத்துவேன். அவ வாயத் தொறந்தா, "தெரியுது கண்ணு, ஃபேனக் கூட்டணும், அதான?"ன்னு கூட்டிருவேன். ஊர்க்கதை பூராம் சொல்லுவேன். நம்ம பெரிய மாமா மகனுக்குப் பொண்ணு பாத்தது, பால்வாடி டீச்சர் வழுக்கி விழுந்தது, ஒண்ணு விடாம சொல்லுவேன். என் பேச்சக் கேட்டுக்கிட்டே பிள்ளை சொவத்துப் பக்கம் திரும்பிக் கண்ண மூடிரும். அவ்வளவு நிம்மதி அதுக்கு. அம்மாக்காரி வந்தாத்தான் மறுபடியும் முழிச்சுப் பாக்கும்.

நீ என்ன நெனைக்கன்னு தெரியுது. இவளுக்குப் பொறுமை கெடையாதுன்னு நெனைக்க. பொறுமை எனக்கா கெடையாது? நூத்தியிருவது முட்டைய தோல் உரிக்கவளுக்கா பொறுமை கெடையாது? அது வேற தாயி. அந்தப் பிள்ளை வாயத் தொறந்துகிட்டு, ஒண்ணும் வராம, நம்மளயே பாத்துக்கிட்டு இருக்கும் பாரு, அந்த நேரத்துல வீடு சத்தமில்லாம போயிரும். அத என்னால தாங்க முடியல. அதப் பாத்துக்கிட்டு ஒண்ணு ரெண்டு எண்ண பெத்தவளுக்கு முடியுது, கல்லு மனசு. எனக்கு முடியல. அவ்வளவுதான்.

கண்டக்டரப் பாரு, சில்லறையப் பூராம் மடியில போட்டுட்டுப் போறான். அத விடு.

ஒரு சனிக்கிழமை என்னயும் ஒரு கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனாவ. மாசத்துல ரெண்டாம் சனிக்கிழமை, பாளையங்கோட்டையில ஒரு மாடியில. இந்த மாதிரி தலையில அடிபட்ட பிள்ளைங்க, மூளைக்காய்ச்சல் வந்த பிள்ளைங்க, அதுங்க குடும்பத்துக்குன்னு ஆதரவுக் கூட்டமாம். நானும் டாக்டர் வருவாரு, மருந்து சொல்லுவாருன்னு பாத்தா, பிளாஸ்டிக் நாற்காலிய வட்டமா போட்டு, வட்டமா ஒக்காந்து அழுதாவ. அழுவுததுக்கு ஒரு கூட்டம்! நம்ம ஊருல எழவு விழுந்தாத்தான் வட்டமா ஒக்காருவோம். ஒரு அரிசி மில்லுக்காரரு, மீசை இந்தா இருக்கு, அவரு மகன் மாடிப்படில விழுந்தவன். "நான் என் மகன்ட்ட மன்னிப்புக் கேட்டேன்"னு சொல்லுதாரு. ஆம்பள பேசுத பேச்சா இது? இன்னொருத்தி, பிள்ளைக்கு மூளைக்காய்ச்சல் வந்து பொழைச்ச பொறவு தொட்டா அடிக்குதாம், கடிக்குதாம். கையெல்லாம் தழும்பு. அவ என்ன கேக்கா தெரியுமா? "நான் எப்ப தூங்கலாம்?"னு கேக்கா. அதுக்கு இந்த ரோஸ்லின் பிள்ளை ஒரு பதிலும் சொல்லல, போய் அவ பக்கத்துல ஒக்காந்துக்கிட்டா. பதில் தெரிஞ்சாத்தான சொல்லுவா? நான் சொன்னேன், "மத்தியானம் பிள்ளை தூங்கும்போது நீயும் தூங்கு"ன்னு. அந்தப் பொம்பள என்னய ஒரு பார்வை பாத்தா. உள்ளதச் சொன்னா ஒடம்பெல்லாம் எரிச்சல்.

பெறவு ஒரு வெளையாட்டு. ஒவ்வொருத்தரும் வாயில ஒரு மடக்குத் தண்ணிய வச்சுக்கணும். துப்பப்படாது, முழுங்கப்படாது. காதுல ஒரு விசயத்த ரகசியமா சொல்லுவாவ. அத நம்ம கையக் காலக் காட்டி மத்தவிங்களுக்குப் புரிய வைக்கணும். எனக்கு வந்துச்சு, "முதுகு அரிக்கு, சொறிஞ்சு விடு." இது ஒரு பெரிய விசயமா? நான் முதுகத் திருப்பிக் காட்டுதேன். "ஜாக்கெட்டு கிழிஞ்சிட்டா?"ங்கா ஒருத்தி. தலைய ஆட்டுதேன், இல்லன்னு. "காத்து வேணுமா? ஃபேனப் போடு"ங்கான் அந்த மில்லுக்காரன். ஃபேனப் போட்டுட்டாவ. கைய ஆட்டுதேன், "போவணுமா, பாத்ரூம் அங்க இருக்கு"ன்னு ரெண்டு பேரு என் கையப் பிடிச்சுத் தூக்குதாவ. "முடிஞ்சிட்டு, அவங்களுக்கு பாத்ரூம்தான்"னு ஒருத்தன் தீர்ப்பே சொல்லிட்டான். எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம். எட்டி ஒரு அறை விடலாமான்னு இருந்துச்சு. அத்தன பேரும் எனக்கு நல்லது செய்யுதோம்னு நெனைச்சுக்கிட்டு என்னயப் போட்டு இழுக்காவ. மடக்குன்னு தண்ணிய முழுங்கிட்டு, "முதுகு அரிக்குன்னு சொல்லுதேன், சவங்களா"ன்னு சொல்லிட்டேன். நான் என்ன முட்டாளா, வாய் இருக்கையில பேசாம இருக்க?

எல்லாவனும் சிரிச்சான். அந்த ரோஸ்லின் மட்டும் சிரிக்கல. "நீங்க முழுங்கிட்டீங்கம்மா, கனிஷ்காவால முழுங்க முடியாதே"ன்னா. மெதுவாத்தான் சொன்னா. சுகந்தி குனிஞ்சுக்கிட்டா. இதச் சொல்லுததுக்குத்தான் அம்புட்டுப் பேரும் பஸ் ஏறி வரணுமாக்கும்? நான் அதுக்கப்புறம் ஒண்ணும் பேசல. வீட்டுக்கு வந்தும் கொஞ்ச நேரம் பேசல. சாயங்காலம் பேசிட்டேன்.

இப்ப விசயத்துக்கு வாரேன். பள்ளிக்கூடம். இதுதான் என்னய வெரட்டுனதுக்குக் காரணம், நீயே ஞாயத்தச் சொல்லு.

கனி படிச்ச பள்ளிக்கூடத்துல தலைமை டீச்சரம்மா சொல்லியிருக்காவ, "ஏழாம் வகுப்புல சேத்துக்கிடுதோம், எழுத வேண்டாம், பரீட்சை வேண்டாம், சும்மா வந்து சிநேகிதப் பிள்ளைங்களோட ஒக்காரட்டும். ஆனா ஒடம்புக்கு ஒண்ணுன்னா டீச்சர்ட்ட அதுவே சொல்லணும். தலைவலின்னு சொல்லத் தெரியலன்னா, ஆபரேசன் பண்ணின பிள்ளைய நாங்க எந்தத் தைரியத்துல வச்சுக்கிட?"ன்னு. அது ஞாயந்தான். பிள்ளைக்கும் பள்ளிக்கூடம்னா உசுரு. பழைய யூனிபார்ம ஆணியில மாட்டி வச்சு அதையே பாத்துக்கிட்டு இருப்பா. அதனால இந்தச் சுகந்தியும் ரோஸ்லினும் ஆறு வாரமா ஒரே பாடம். "தலை வலிக்கு மிஸ்." மூணே மூணு வார்த்தை. ஆறு வாரம்! கிளிக்குச் சொல்லியிருந்தா ராமாயணமே சொல்லியிருக்கும். நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன், கதவுக்கு இந்தப் பக்கம். "த"ன்னு வரும், நிக்கும். எண்ணுவாளுக. "தல"ன்னு வரும். மறுபடியும் எண்ணுவாளுக. கடைசி வாரம் முழுசா வந்துட்டு. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை வந்துச்சு. நான் அடுப்படியில நின்னு அழுதேன், பொய் சொல்லல. ஆனா அவளுக முன்னாடி அழல.

பள்ளிக்கூடத்துக்கு நானும் போனேன். சுகந்தி வேண்டாம்னா. "நான் அத்தை, நான் வராம யாரு வருவா?"ன்னு ஆட்டோவுல மொத ஆளா ஏறிட்டேன். அந்த ரூம்புல அஞ்சு பேரு. தலைமை டீச்சரம்மா, நாயகம், சுகந்தி, நான், கனி. அந்த அம்மா நல்ல மாதிரி, கண்ணாடியக் கழத்தி வச்சுட்டு கேட்டாவ, "கனிஷ்கா, கிளாஸ்ல ஒனக்கு ஒடம்புக்கு முடியலன்னா மிஸ்ட்ட என்ன சொல்லுவ?"

கனி நிமிந்தா. வாயத் தொறந்தா. சுகந்தி கை ரெண்டையும் மடிக்குள்ள பூட்டிக்கிட்டா. "த"ன்னு வந்துச்சு. பெறவு நின்னுட்டு. ஒரு சத்தம் கெடையாது. சொவத்துக் கடிகாரம் ஓடுது, அது மட்டுந்தான் கேக்குது. பிள்ளைக்கு ஓரத்துல எச்சி வடியுது. அந்த அம்மா பாக்காவ. வெளிய ரெண்டு டீச்சருமாரு எட்டிப் பாக்காளுக. எங்க வீட்டுப் பிள்ளை தாயி. பள்ளிக்கூட ஆண்டுவிழாவுல அத்தன பேருக்கு முன்னாடி பேச்சுப் போட்டியில கப்பு வாங்கின பிள்ளை. அத இப்டி வச்சு வேடிக்கை பாக்காளுகளே! எனக்கு எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியல. "தலை வலிக்கு மிஸ்னு சொல்லுவா மேடம், வீட்டுல நல்லாச் சொல்லுவா, எல்லாம் தெரியும் அவளுக்கு"ன்னு சொல்லிட்டேன்.

நல்லதுக்குத்தான சொன்னேன்?

கனி வாய மூடிக்கிட்டா. என்னயத் திரும்பி ஒரு தடவை பாத்தா. அவ்வளவுதான். அந்த அம்மா மறுபடியும் கேட்டாவ, மெதுவா கேட்டாவ, தண்ணி குடுத்துக் கேட்டாவ, என்னய வெளிய போச் சொல்லிட்டும் கேட்டாவளாம். வாயத் தொறக்கல. "காலாண்டு லீவு முடிஞ்சு கூட்டிட்டு வாங்க, அப்பப் பாப்போம்"னு சொல்லி அனுப்பிட்டாவ. ஒரு வார்த்தைக்காண்டி ஒரு பிள்ளைய திருப்பி அனுப்புதவ எல்லாம் ஒரு தலைமை டீச்சர்! அவள ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. என்னயத்தான் சொன்னாவ.

சொன்னாவன்னா, சத்தம் போட்டிருந்தா கூட தேவலை. சுகந்தி சத்தம் போடல. அதான் திமிரு. வீட்டுக்கு வந்து யூனிபார்ம ஆணியில இருந்து எடுத்து மடிச்சு உள்ள வச்சா. வச்சுட்டு, "ஆறு வாரம் மைனி"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. ஆறு வாரம் மைனி. நான் விடுவேனா? "நீங்க பிள்ளைய சர்க்கஸ் குரங்கு மாதிரி நிப்பாட்டி வச்சா நான் பாத்துக்கிட்டு இருக்கணுமாக்கும்?"னு கேட்டேன். அவ உள்ள போயி கதவச் சாத்திக்கிட்டா. அன்னையில இருந்து பிள்ளை வாயத் தொறக்கல. "த" இல்ல, "ம்" இல்ல, அழுகைச் சத்தம் கூட இல்ல. சோறு ஊட்டப் போனா மொகத்தத் திருப்பிக்கிடும். ஒரு நாளு, ரெண்டு நாளு, எட்டு நாளு. பிடிவாதம். வேற யாரு புத்தி? அம்மாக்காரி புத்தி.

அந்த ரோஸ்லின் வந்தா வீட்டுக்கு. சரி, இவ ஒரு ஆட்டம் ஆடுவா, நானும் ரெண்டுல ஒண்ணு பாத்துரலாம்னு சீலைய இழுத்துச் சொருவிக்கிட்டு நின்னேன். கனிட்ட இருந்துட்டு, நேர என்ட்ட வந்தா. "அம்மா, நீங்க எப்படி இருக்கீங்க?"ன்னு கேட்டா. "எனக்கு என்ன கேடு? குத்துக்கல்லாட்டம் இருக்கேன்"னேன். அவ போகல. அங்ஙனயே நிக்கா. என் மொகத்தையே பாத்துக்கிட்டு, ஒண்ணும் பேசாம நிக்கா. அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது. சிறுக்கி, எனக்கு எண்ணுதா! எனக்கா தலையில அடிபட்டுச்சு? இன்னும் கொஞ்ச நேரம் அங்க நின்னிருந்தேன்னா என்ன பேசியிருப்பேன்னு எனக்கே தெரியாது. "பால் பொங்குது"ன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டேன். அடுப்புல ஒண்ணும் கெடையாது.

நேத்து ராத்திரி சோத்துக்கு ஒக்காரும்போது நாயகம் சொல்லிட்டான். "அக்கா, நீ ஊருக்குப் போ. பள்ளிக்கூடம் தொறக்கப் போவுதுல்லா, ஒனக்கும் வேலை இருக்கும். ஒரு ரெண்டு மூணு மாசம் வராத. எப்ப வரணும்னு நாங்க சொல்லுதோம்." சாப்பாட்டப் பாத்துக்கிட்டே சொல்லுதான். என் மொகத்தப் பாக்கல. தாயும் பிள்ளையும்னாலும் வாயும் வயிறும் வேறன்னு சும்மாவா சொன்னாவ?

காலைல ஆட்டோவுல கூட்டிட்டு வந்தான். போற வழியில பயிற்சிக்கு விடணும்னு கனியவும் கூட்டிட்டு வந்தான். நான் இந்தா, இதே ஜன்னல் சீட்டுல ஏறி ஒக்காந்துட்டேன். "தண்ணி பாட்டில் வாங்கிட்டு வாரேன், இவளப் பாத்துக்கோக்கா"ன்னுட்டு அவன் கடைக்குப் போனான். கனி கீழ நிக்கா. எடது கையால இந்தக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. ஒம்போது நாளா என்னய ஏறெடுத்துப் பாக்காத பிள்ளை, நிமிந்து என்னயப் பாத்தா. பாத்துட்டு வாயத் தொறந்தா.

ஆமா. தொறந்தா. ஒம்போது நாளைக்குப் பெறவு, என்ட்டத்தான் தொறந்தா.

"போகாத அத்தை"ன்னுதான் சொல்ல வந்தா. வேற என்னத்தச் சொல்லப் போறா? ஒதட்டப் பாத்தாலே தெரியுது. "சரி கண்ணு, அத்தை காலாண்டு லீவுக்கு ஓடி வந்துருவேன், அழக்கூடாது"ன்னு சொல்லி, கம்பில இருந்து அவ கைய மெதுவா எடுத்து விட்டுட்டு, ஜன்னல் கண்ணாடிய எறக்கி மூடிட்டேன். வெயிலு அடிச்சுது. பஸ்ஸும் எடுத்துட்டான்.

என்ன பாக்க?

சரி, எடுக்கல. டிரைவரு அப்பத்தான் டீக்கடைக்குப் போனான். ஒரு கால்மணி நேரம் நின்னுச்சு பஸ்ஸு. வெயிலும் இந்தப் பக்கம் இல்ல, அந்தப் பக்கம். அவ அழவும் இல்ல தாயி. அழுத மொகம் எனக்குத் தெரியாதா? கோவமா இருந்துச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவ அப்டியே வாயத் தொறந்துக்கிட்டு நிக்கா. கழுத்து நரம்பு பொடைக்குது. எனக்குத் தெரியுது. நான் முன்சீட்டுக் கம்பியப் பாத்துக்கிட்டு இருந்தேன். எவ்வளவு நேரம் நின்னாளோ தெரியல. ரொம்ப நேரம் நின்னா. நாயகம் வந்து கண்ணாடியத் தட்டி பாட்டிலக் குடுத்தப்ப வாய மூடியிருந்தா. சொன்னாளா, சொல்லாமலே மூடிக்கிட்டாளான்னு எனக்குத் தெரியாது.

பயந்துட்டேன். இதுல என்ன இருக்கு, பயந்துட்டேன். அந்தப் பிள்ளை முழுசாச் சொல்லி, அத நான் முழுசாக் கேக்கணும்ல்லா?

நாயகத்துட்ட சொல்லல, பிள்ளை வாயத் தொறந்தான்னு. அவன் தவிச்சுப் போயிக் கெடக்கான், இவ இனிமே பேசவே மாட்டாளோன்னு. அந்தச் சுகந்தி அங்க ராப்பகலா அவ ஒதட்டையே பாத்துக்கிட்டு இருக்கா. சொல்லணும். போன் பையிலதான் இருக்கு. மானூர்ல ஒரு தடவை எடுத்தேன், வச்சுட்டேன். எடுத்துச் சொன்னேன்னு வையி, அவன் மொதக் கேள்வியே என்ன கேப்பான்? "என்னக்கா சொன்னா எம்மவ?"ன்னு கேப்பான்.

நான் என்னன்னு சொல்ல?